பொருள்: ‘ஜி-புரதம் இணைந்த ஏற்பி’ – ‘இணைந்த’ சரிதானா?

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

செல்லின் சவ்வில் நின்று வெளியே வரும் செய்தியை உள்ளே கடத்தும் புரதம் G protein-coupled receptor. அதைத்தான் ‘ஜி-புரதம் இணைந்த ஏற்பி’ என்கிறோம். ஜி-புரதம் என்பது ஆல்ஃபா, பீட்டா, காமா என்ற மூன்று துணையலகுகள் கொண்ட உட்புறப் புரதம். ‘இணைந்த’ என்று படித்துவிட்டு, ஏற்பியும் ஜி-புரதமும் எந்நேரமும் ஒட்டிக்கிடப்பதாகவே தமிழ்வழிப் பிள்ளைகள் படம் போடுகிறார்கள். நடப்பது வேறு. வெளியே அட்ரீனலின் வந்து பிணைந்ததும் சவ்வை ஊடுருவும் ஏற்பியின் ஏழு சுருள்களில் ஆறாவது செல்லுக்குள் இருக்கும் முனையில் விலகிக்கொடுக்கிறது. அட்ரீனலினை ஏற்கும் பீட்டா-2 ஏற்பியையும் ஜி-புரதத்தையும் சேர்த்து அமெரிக்க அறிவியலாளர் பிரையன் கோபில்காவின் குழு 2011-இல் வெளியிட்ட படிக அமைப்பில் அந்த விலகல் 14 ஆங்ஸ்ட்ராம். திறந்த பள்ளத்தில் ஆல்ஃபா துணையலகின் கடைசிச் சுருள் நுழைகிறது. ஆல்ஃபா வைத்திருந்த ஜிடிபி கழன்று ஜிடிபி ஏறுகிறது. (பார்த்தீர்களா, இது இன்னொரு வம்பு. தமிழெழுத்தில் GDP, GTP இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இருபாஸ்பேட், முப்பாஸ்பேட் என்றே எழுதுவோம்.) முப்பாஸ்பேட் ஏறியதும் பிடி விட்டுப்போய், ஆல்ஃபா ஒருபக்கம், பீட்டா-காமா ஒருபக்கம். பூட்டி ஓட்டிவிட்டு அவிழ்க்கிற ஏர்தான் இது. ஆகவே ‘ஜி-புரதம் பூட்டும் ஏற்பி’ என்று முன்மொழிகிறேன்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

ஐயா, பாலக்கோட்டுப் பிள்ளைக்கு ஏர் நினைவு வரலாம். ஆனால் நொதிப் பாடத்தில் ‘பூட்டு-சாவி’ ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. தேர்வில் குழப்பம் நிச்சயம். ‘பற்றும் ஏற்பி’ என்றால் என்ன? ‘இணைந்த’ முடிந்துபோன செயல், ‘பற்றும்’ அப்படியல்ல.

எந்தச் சொல்லானாலும் நச்சுகளை வைத்து உரசிப் பாருங்கள். கக்குவான் இருமல் நச்சு, ஜிஐ (வளைய ஏஎம்பி உருவாவதைத் தடுக்கும் ஜி-புரத வகை) ஆல்ஃபாவில் கடைசியிலிருந்து நான்காவது அமினோ அமிலமான சிஸ்டீனில் ஏடிபி-ரைபோஸை (ADP-ribose) ஏற்றிவிடும். ஏற்பியால் அதைப் பற்ற முடியாது. காலரா நச்சும் ஏடிபி-ரைபோஸைத்தான் ஏற்றுகிறது, ஆனால் ஜிஎஸ் (வளைய ஏஎம்பியைத் தூண்டும் வகை) ஆல்ஃபாவின் ஓர் ஆர்ஜினின் அமினோ அமிலத்தில். வழக்கமாக ஆல்ஃபா தன் முப்பாஸ்பேட்டை உடைத்து அணைந்துவிடும். அங்கே அது உடைவதில்லை. ஆல்ஃபா அணையாமல் எரிகிறது, செல்லுக்குள் செய்தி சுமக்கும் வளைய ஏஎம்பி குவிகிறது, குடலில் நீர் கொட்டுகிறது. முன்னதில் கெட்டது பற்றுகை, பின்னதில் கெட்டது அணைதல். இரண்டையும் ‘இணைப்புக் கோளாறு’ என்று எழுதிய குறிப்புகள் உண்டு. இரண்டுக்குமே அது பொருந்தாது. ‘பிணைப்பு’ வெளியிலிருந்து வந்து ஏற்பியில் சேரும் மூலக்கூறுக்கு மட்டும் இருக்கட்டும்.

தருமபுரியிலிருந்து:

அம்மா, ‘பற்றுகை’க்குச் சம்மதம். இன்னொரு சான்றும் உண்டு. ஏற்பியும் ஜி-புரதமும் சேர்ந்த இந்தக் கூட்டமைப்பைச் சிதையாமல் பிடித்துவைக்க, கழன்ற இருபாஸ்பேட்டை அபைரேஸ் நொதி போட்டு உடைக்க வேண்டும். கரைசலில் இருபாஸ்பேட்டோ முப்பாஸ்பேட்டோ மிஞ்சியிருந்தால் தூய்மைப்படுத்தும்போதே பிரிந்துபோகும். ‘இணைந்த’ பொருளாக இருந்தால் இந்தப் பாடு எதற்கு?

ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும். ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏறியபின் அரெஸ்டின் என்ற புரதம் வந்து அதே பள்ளத்தில் நுழைந்து ஜி-புரதத்தை மறிக்கிறது. அதுவும் பற்றுகைதான். ஆகவே வெறும் ‘பற்றுகை’ போதாது. எதைப் பற்றுகிறது என்று முன்னால் சேர்த்தே எழுத வேண்டும்.

ஜி-புரதம் இயக்கும் அடினைலைல் சைக்ளேஸ் (வளைய ஏஎம்பியை உருவாக்கும் நொதி) போன்றவற்றுக்கு, அதாவது effector-களுக்கு, ‘செயலி’ வேண்டாம், கைப்பேசி நினைவுதான் வரும். ‘விளைவி’ எப்படி?