மறு: மறு: 'சினார் காதோட்' தமிழில் எது?

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு மாலை டியூசன் எடுக்கிறேன். தேர்வை மலாயில் எழுதுகிறார்கள், ஆனால் தமிழில் சொன்னால்தான் பலருக்கு ஏறுகிறது. குறிப்பு சனிக்கிழமை போட்டோஸ்டாட் கடைக்குப் போகிறது. 'சினார் காதோட்' என்பது வளி நீக்கிய குழாயில் கேத்தோடிலிருந்து, அதாவது எதிர்மின்வாயிலிருந்து, பாயும் எலக்ட்ரான் ஓட்டத்துக்கு மலாய்ப் பெயர். தமிழ்நாட்டில் கேத்தோடு கதிர், இலங்கையில் கதோட்டுக்கதிர். நான் 'எதிர்மின் கதிர்' என்று போடலாமா?

---

கூடாது சார். இயற்பியலாளர் கோல்ட்ஸ்டைன் 1876இல் பெயர் வைத்தது கதிர் புறப்படும் இடத்தை வைத்து. 'எதிர்மின்வாய்க் கதிர்' என்பதே சரி. ஒற்று மிகும், மறக்க வேண்டாம்.

---

அண்ணே, கதிரே எதிர்மின்தானே! 1895இல் பெரன் அதை உலோக உருளைக்குள் பிடித்தே காட்டிவிட்டார். எனக்கு உறுத்துவது 'கதிர்'தான். 1897இல் தாம்சன் மின்புலத்தில் வளைத்துத் துகள் என்று நிறுவினார். முன்பு ஹெர்ட்ஸ் முயன்றபோது வளையாததற்குக் குழாயில் மிச்சமிருந்த வளிதான் காரணம். துகள் ஓட்டத்துக்குக் கதிர் எதற்கு? 'எதிர்மின் தாரை' என்போம்.

---

தாரை வடசொல். வேருக்கு வாருங்கள். ஃபாரடே 1834இல் புவியைச் சுற்றி மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போவதாகக் கற்பனை செய்துதான் மின்வாய்களுக்குப் பெயர் தேடினார். ஞாயிறு ஏறும் வழி ஆனோடு (நேர்மின்வாய்), இறங்கும் வழி கேத்தோடு. கிரேக்கச் சொற்களை எடுத்துக் கொடுத்தவர் ஹியூவெல். நமக்குக் கிழக்கு குணக்கு, மேற்கு குடக்கு. ஆகவே குணவாய், குடவாய்! குணவாயிற் கோட்டம் ஒருவருக்குமா நினைவில்லை? குடவாயில் என்று சோழநாட்டில் ஊரே இருக்கிறது. 'குடவாய்க் கதிர்' எவ்வளவு அழகு!

---

அழகுதான் ஐயா. எங்கள் பிள்ளைகள் குடத்து வாய் என்பார்கள்.

வகுப்பில் மால்டா சிலுவைக் குழாயை, அதாவது உள்ளே உலோகச் சிலுவை நிற்கும் கேத்தோடு கதிர்க் குழாயை, ஓட்டிக் காட்டினேன். இழை சூடானதுமே அதன் வெளிச்சத்தில் திரையில் சிலுவை நிழல். உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் சுற்றிலும் பச்சை ஒளிர்வு, அதே இடத்தில் இன்னொரு நிழல். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனால் இந்த இரண்டாம் நிழல் நகர்கிறது, வெளிச்சத்தின் நிழல் அப்படியே நிற்கிறது. "சார், ரெண்டும் கதிர்தானே, ஒண்ணு மட்டும் ஏன் ஓடுது?" என்று பின்வரிசையிலிருந்து கேள்வி. மின்னூட்டம் உள்ளதைத்தான் காந்தம் வளைக்கும், ஒளியை அல்ல; 'எதிர்மின்' என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. இடப்பெயரில் அது கிடைக்காது. 'எதிர்மின் கதிர்' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன், பக்கத்தில் 'சினார் காதோட்'.

---

சரி, கொடுங்கள். நேற்றிரவிலிருந்து இதையே படித்துக் கண் எரிகிறது.

---

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. குடவாயை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

---

ஒரு தாள்தான் ஐயா, இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது.

---

எதிர்மின்கதிர், சேர்த்தா பிரித்தா?