விடை சரி, மோல் இல்லை: மார்க்கைக் குறைக்கலாமா?

கேத்தி தோட்டக்காரர்
மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளித் தேர்வில் வந்த கணக்கு இது: 10 கிராம் கால்சியம் கார்பனேட்டுடன் 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினைபுரிந்தால் உருவாகும் கார்பன் டை ஆக்சைடின் நிறை என்ன?

நான் சொல்லிக்கொடுத்த வழியில் போட்டிருக்கிறாள். சமன்பாட்டின்படி 100 கிராம் கார்பனேட்டுக்கு 73 கிராம் அமிலம் வேண்டும், 44 கிராம் வாயு வரும். நம்மிடம் அமிலம் 3.65 கிராம், அதாவது 73இல் இருபதில் ஒரு பங்கு. ஆக 44இலும் இருபதில் ஒரு பங்கு, 2.2 கிராம். கார்பனேட்டில் 5 கிராம் தீர்ந்து 5 கிராம் மிஞ்சும். விடை சரி. ஆனால் "மோலில் போடவில்லை" என்று எழுதி ஐந்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். இது அடுக்குமா?

குன்னூர் ஓய்வாசிரியர்
அடுக்கும் சார். பாடத்தின் பெயரே மோல் கருத்து. மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு; கிராமை ஒரு மோலின் நிறையால் வகுத்தால் எத்தனை மோல் என்று வரும். அதை ஒதுக்கிவிட்டு விடைக்கு வந்தால், வந்த வழிக்கான மார்க்கை எதற்குப் போடுவது? நீங்கள் போட்டது அந்தக் காலத்து மும்மை விதி, மூன்று எண்ணை வைத்து விகிதத்தில் நான்காவதைக் காண்பது. அரிசிக் கணக்குக்கும் அதுதான், அமிலத்துக்கும் அதுதான்.

கோத்தகிரி டியூஷன்
சார், நீங்க சொல்ற மோல் வழியில என்கிட்ட வர்ற பிள்ளைங்க எப்படிப் போடுறாங்கன்னு பாருங்க. 10ஐ 100ஆல் வகுத்து 0.1 மோல். 3.65ஐ 36.5ஆல் வகுத்து 0.1 மோல். ரெண்டும் சமம், அப்போ எல்லாம் தீர்ந்துடும், வாயு 0.1 மோல், 4.4 கிராம்! நோட்டுல முக்கோணம் வரைஞ்சு, பெட்டி கட்டி, அழகா தப்பு பண்ணியிருப்பாங்க. தோட்டக்கார அண்ணன் பொண்ணுக்கு அந்தத் தப்பு வரவே வராது. 73ங்கிறப்பவே ரெண்டு மடங்கு அதுக்குள்ள வந்துடுது.

குன்னூர் ஓய்வாசிரியர்
அது மோலின் குற்றமில்லை அம்மா. சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் இருக்கும் 2ஐப் பார்க்காத குற்றம். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம். 0.1 மோல் அமிலம் பாதி கார்பனேட்டைத்தான் தொடும். அமிலம்தான் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள்.

கிராமையே பார்த்துப் பழகிய பிள்ளை வேறு மாதிரி விழும். 4 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்சிஜன், எது முதலில் தீரும் என்று கேளுங்கள். "4 தானே குறைவு, ஹைட்ரஜன்" என்று வரும். இருப்பது 2 மோல் ஹைட்ரஜன், அரை மோல் ஆக்சிஜன். அரை மோலுக்கு ஒரு மோல் ஹைட்ரஜன் போதும். தீர்வது ஆக்சிஜன். தண்ணீர் 18 கிராம், மிஞ்சும் ஹைட்ரஜன் 2 கிராம், கூட்டினால் 20. என் மாணவர்கள் கடைசியில் இந்தக் கூட்டலைப் போடாமல் பேப்பர் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேத்தி தோட்டக்காரர்
கிராமிலும் அதே விடைதான் வரும். 4 கிராமுக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும், இருப்பது 16. முடிந்தது. வெறும் எண்ணைப் பார்த்துக் குறைவு என்று சொல்கிற பிள்ளைக்கு விகிதமே தெரியாது என்று அர்த்தம்.

மஞ்சூர்காரன்
நம்ம தோட்டத்துக் கணக்கையே எடுங்க. தேயிலைக்கு மண்ணுல கொஞ்சம் புளிப்பு வேணும். அது அளவு மீறினா புளிப்பைக் குறைக்க டோலமைட் போடுறோம், கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட் கல்லோட தூள். 100 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் (அதே கால்சியம் கார்பனேட்தான்) செய்யுற வேலைக்கு டோலமைட் எவ்வளவு? ஒரு மோல் டோலமைட் 184 கிராம், அதுல கார்பனேட் ரெண்டு இருக்கு. ரெண்டு மோல் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம், 200 கிராம். அப்போ 92 கிலோ போதும், ரெண்டும் சுத்தமான சரக்கா இருந்தா. "ரெண்டு கார்பனேட்"ங்கிறது எண்ணிக்கைங்க. தராசுல தெரியாது.

கோத்தகிரி டியூஷன்
184க்கு 200. இதுவும் கிராம் விகிதம்தானே அண்ணா :)

மஞ்சூர்காரன்
அந்த 184 எங்கிருந்து வந்துச்சு?

லவ்டேல் மாணவன்
நானும் பதினொண்ணுதான். ஒரு சந்தேகம். இதே கணக்குல வாயுவோட கனஅளவு கேட்டா ஒரு மோல் வாயுவுக்கு 22.4 லிட்டர்னு வச்சு, 0.05 மோலை அதால பெருக்கி 1.12 லிட்டர்னு எழுதுறோம். ஊட்டியில நிஜமா அவ்வளவுதான் வருமா?

குன்னூர் ஓய்வாசிரியர்
நல்ல கேள்வி தம்பி. வராது. 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தத்துக்கு. 1 பார் அழுத்தம் என்று கொண்டால் 22.7, ஆகவே கேள்வியில் என்ன அழுத்தம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பெருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அழுத்தம் ஏறக்குறைய 0.76 வளிமண்டலம்தான். 15 டிகிரி என்று வைத்துப் போட்டால் ஒரு மோல் வாயு சுமார் 31 லிட்டர் இடம் பிடிக்கும். உன் 0.05 மோல் ஒன்றரை லிட்டரைத் தாண்டும். (கொஞ்சம் தண்ணீரில் கரைவதை விட்டுவிடு.) மேட்டுப்பாளையத்தில் இறங்கிப் பிடித்தால் கனஅளவு குறையும், மோல் அதே 0.05. தோட்டக்காரர் சார், இதற்கு உங்கள் மும்மை விதி என்ன சொல்கிறது?

கேத்தி தோட்டக்காரர்
மும்மை விதி 2.2 கிராம் என்கிறது. அதுவும் ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் ஒன்றுதான்!

குன்னூர் ஓய்வாசிரியர்
சரி, ஆய்வகத்துக்கு வாருங்கள். 25 மில்லி சோடியம் ஹைட்ராக்சைடு, 0.1 மோலார், அதாவது லிட்டருக்கு 0.1 மோல். நடுநிலையாக்க 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எத்தனை மில்லி?

கேத்தி தோட்டக்காரர்
லிட்டருக்கு 4 கிராம் ஹைட்ராக்சைடு, 25 மில்லியில் 0.1 கிராம். 40க்கு 36.5 என்றால் 0.1க்கு 0.09125 கிராம் அமிலம். அமிலக் கரைசலில் லிட்டருக்கு 7.3 கிராம். வகுத்தால் 12.5 மில்லி.

லவ்டேல் மாணவன்
அங்கிள், ஒன்றுக்கு ஒன்றுதானே வினை, செறிவு ரெண்டு மடங்கு, அப்போ பாதி மில்லி. ஒரே வரி. பரீட்சையில 0.09125ஐ 7.3ஆல வகுக்க எனக்கு நேரம் கிடையாது.

கோத்தகிரி டியூஷன்
இது கரெக்ட். பன்னிரண்டாவது செய்முறையில கிராம் வழி இழுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா மூணு மார்க் வெட்டினது இன்னும் தப்புதான். கேள்வியில "மோல் எண்ணிக்கையைக் கணக்கிடுக"ன்னு இருந்துச்சா அண்ணா?

கேத்தி தோட்டக்காரர்
இல்லை. "நிறையைக் காண்க", அவ்வளவுதான். வினாத்தாள் கையில் இருக்கிறது.

குன்னூர் ஓய்வாசிரியர்
அப்படியென்றால் வினாத்தாளோடு திங்கட்கிழமை போய்க் கேளுங்கள். நானாக இருந்தால் ஒரு மார்க்தான் குறைத்திருப்பேன். அந்த ஒன்றை விடமாட்டேன்.