பட்டா மனுவும் பெரியப்பாவின் விளக்கமும்

செல்வம் அண்ணன்: தாத்தா நிலத்துக்குப் பட்டா மாற்றம் கேட்ட மனுவை, வாரிசுகளில் ஒருவர் ஆட்சேபித்திருப்பதாகச் சொல்லி வட்டாட்சியர் தள்ளுபடி செய்துவிட்டார். திங்கட்கிழமை எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறேன். யார் வருகிறீர்கள்?

கமலா அத்தை: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம்.

பெரியப்பா: சட்டம் இயற்றுவதும், வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவதும், அமைச்சர்களைக் கேள்வி கேட்பதும் சட்டமன்றத்தின் வேலை, வட்டாட்சியரின் உத்தரவை மாற்றி எழுதும் அதிகாரம் அங்குள்ள 234 பேரில் எவருக்கும் இல்லை. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு கோரலாம். இவர்கள் எல்லோரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள்; நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை உரிமையியல் நீதிமன்றம்தான் தீர்க்கும்.

மீனா: பெரியப்பா தலைமைச் செயலகத்தை விட்டு வந்துவிட்டார், கோப்புகள்தாம் அவரை விடவில்லை.

செல்வம் அண்ணன்: அமைச்சரும் எம்.எல்.ஏ.தானே?

பெரியப்பா: ஆம். உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானாலும் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும். அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. ஆனாலும் கோட்டாட்சியர் விசாரிக்கும் மேல்முறையீட்டில் இப்படித்தான் உத்தரவிட வேண்டும் என்று அமைச்சர்கூடச் சொல்ல முடியாது. சொல்லி அதன்படி உத்தரவு வந்தால் உயர் நீதிமன்றத்தில் அது நிற்காது.

கமலா அத்தை: பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு என்று 1989இல் சட்டம் வந்தபோது, முந்தைய ஆண்டே எனக்குத் திருமணமாகிவிட்டதால் அது பொருந்தாது என்று சொன்னவரும் நீங்கள்தான், அண்ணா.

பெரியப்பா: அன்று சொன்னது சரி. 1989 மார்ச் 25க்கு முன் திருமணமானவர்களை நம் சட்டமன்றம் விலக்கியிருந்தது. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது.

சித்தப்பா: 2001லேயே பாகம் பிரித்துவிட்டோமே!

பெரியப்பா: திண்ணையில் பேசினோம், பதிவு செய்யவில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருந்தால்தான் அந்தப் பிரிவினையைச் சட்டம் காக்கும்.

சித்தப்பா: பதிவுச் செலவு வேண்டாம் என்றது யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

செல்வம் அண்ணன்: அப்படியானால் திங்கட்கிழமை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கா, வழக்கறிஞரிடமா?

கமலா அத்தை: எங்கே என்றாலும் வருகிறேன். கையெழுத்துப் போடுவதாக மட்டும் இன்னும் சொல்லவில்லை.