முடிவு தெரிந்த பிறகும் விடாத துப்பறியும் சிறுகதை எது?

#1
எனக்கு கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதை 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்'. நகர்த்த முடியாத கட்டில், சுவரில் துவாரம், அது வழியே மணிக்கயிற்றில் இறங்கிக் கொல்லும் பாம்பு, விசிலுக்குத் திரும்பி வர அதைப் பழக்கத் தட்டில் பால் எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் படித்துவிட்டு, ராத்திரி எழுந்து என் கட்டிலை இழுத்துப் பார்த்தேன். அது நகர்ந்த பிறகுதான் தூக்கம் வந்தது. மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தி, "பாம்பு எங்கேடா பால் குடிக்கும்? விசில் சத்தத்துக்கு எப்படித் திரும்பி வரும்?" என்றார். அத்தோடு கதை போச்சு. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அப்பா மேலா, டாயில் மேலா என்று தெரியவில்லை.

#2
அப்பா சொன்னது சரி, ஆனால் அதனால் கதை போகாது. 'சில்வர் பிளேஸ்' கதையில் குதிரைப் பந்தய விவரங்கள் தப்பு என்று டாயிலே ஒத்துக்கொண்டார். 1927ல் தனக்குப் பிடித்த 12 ஹோம்ஸ் கதைகளைத் தேர்ந்தெடுத்தபோது அதைச் சேர்க்கவும் இல்லை. முதலிடம் கொடுத்தது உங்கள் பாம்புக் கதைக்குத்தான்! நான் 'சில்வர் பிளேஸ்' படித்தது பேருந்தில். ராத்திரி நாய் ஒன்றுமே செய்யவில்லை, அதுதான் துப்பு என்ற இடம் வந்தபோது இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. பந்தய விதி யாருக்கு வேண்டும்? நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஆஸ்டின் ஃப்ரீமேனின் 'சிங்கிங் போன்' தொகுப்பை (1912) அப்பாவுக்குக் கொடுங்கள். ஃப்ரீமேனும் டாயிலைப் போல மருத்துவர்தான். பெரும்பாலான கதைகளில் குற்றவாளி யார் என்று முதல் பாதியிலேயே காட்டிவிடுவார். பிறகு தூசியையும் நாரையும் நுண்ணோக்கியில் வைத்து ஆளைப் பிடிப்பதுதான் கதை. சுவாரசியம் குறையவே குறையாது. முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

#3
விவரப் பிழையை விடுங்கள். செஸ்டர்டனின் 'இன்விசிபிள் மேன்' பற்றி நான் சொல்ல வேண்டும். நாலு பேர் வாசலைக் காவல் காக்கிறார்கள், யாரும் வரவில்லை என்கிறார்கள், பனியில் காலடித் தடம் இருக்கிறது. கொலையாளி தபால்காரர் உடையில் வந்து போனவன். தபால்காரரை நாலு பேருமா கவனிக்க மாட்டார்கள், நம்பும்படி இல்லை என்று நானும் வாதாடியிருக்கிறேன். ஒருநாள் அம்மா வெளியே போய்விட்டு வந்து, "யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். யாரும் வரவில்லை என்றேன். சமையலறையில் புதுத் தண்ணீர் கேன் இருந்தது. கதவைத் திறந்ததும் காசு கொடுத்ததும் நான்தான். எவ்வளவு யோசித்தும் கேன் கொண்டு வந்தவர் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுத்த முறை வந்தபோது பெயரைக் கேட்டேன். மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறாராம்.