புல்வெட்டும் டிராக்டருக்குச் சங்கிலி: 2 கண்ணியா, 4 கண்ணியா?

கிரவல்பாதை:
ஒன்ராறியோவில் நீளமான டிரைவ்வே. முக்கால்வாசி கிரவல், கராஜுக்கு முன்னால் மட்டும் தார். 42 அங்குல புல்வெட்டும் டிராக்டரின் முன்னுக்கு ஸ்னோ பிளேட் பூட்டப் போகிறேன். பின்சில்லில் 20×8.00-8 டர்ஃப் (புல்தரைக்கான) டயர். பனியில் வழுக்காமல் இருக்க அதில் சங்கிலி சுற்றிப் பூட்டவேணும். 2 கண்ணிச் சங்கிலிக்கும் 4 கண்ணிச் சங்கிலிக்கும் விலையில் நல்ல வித்தியாசம் இருக்கு. எதை வாங்கலாம்? தார் பழுதாகுமோ?

சில்லுக்காரன்:
2 கண்ணி வாங்குங்கோ. டயருக்குக் குறுக்கே போகிற குறுக்குச் சங்கிலி, பக்கவாட்டில் சுற்றிப் போகிற பக்கச் சங்கிலியின் எத்தனையாவது கண்ணிக்கு ஒருக்கா வருகுது என்பதுதான் அந்த எண். இந்தளவு சின்ன டயரில் 4 கண்ணி போட்டால், ஒரு குறுக்கு நிலத்தை விட்டு எழும்பி அடுத்தது வந்து பிடிக்கிறதுக்குள்ளே வெறும் ரப்பர்தான் நிலத்தில் நிற்கும். அந்த இடைவெளியில்தான் சில்லு வழுக்கிச் சுழலும், வண்டியும் கடகடவென்று குதிக்கும். உழவு டிராக்டர் மாதிரி பட்டை வைத்த டயர் என்றால் இன்னும் மோசம்: குறுக்கு பட்டைகளுக்கு நடுவில் விழுந்து ஒளிந்துவிடும்.

அளவை வண்டி மாடலை வைத்துத் தேடாமல், டயர் பக்கவாட்டில் உள்ளதை அப்படியே பாருங்கோ. உங்களுடையதில் 20 உயரம், 8 அகலம், கடைசி 8 ரிம் விட்டம். 20×10-8க்கு வருகிற சங்கிலி உங்களுக்குத் தொளதொளவென்று இருக்கும். வாங்க முதல் டயருக்கும் மட்கார்டுக்கும், டயருக்கும் உட்பக்கச் சட்டத்துக்கும் இடையில் அளந்து பாருங்கோ. ஒரு அங்குலமாவது வேணும். வெட்டும் டெக்கைக் கழற்றிவிட்டால் முன்பக்கத்திலும் இடம் கிடைக்கும்.

பனிவழித்துணை:
பூட்டுகிற முறையில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். சாவியை எடுத்துவிட்டு, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைச் சட்டத்தில் ஜக் அடித்து ஸ்டாண்டில் இருத்துங்கள். ஒரு சில்லைச் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், அது வழமை. கொக்கிகளின் திறந்த வாய் டயரைப் பார்க்காமல் வெளியே பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் ரப்பரைக் குத்தும். டயரில் பாதிக் காற்றை விட்டு, சங்கிலியை எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்துக் கொளுவி, பிறகு கைநூலில் சொன்ன அளவுக்குக் காற்றடியுங்கள். பின்டயருக்குப் பெரும்பாலும் 10 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். காற்றை முழுக்க விடாதீர்கள். டயர் விளிம்பு ரிம்மை விட்டு விலகினால் வீட்டுப் பம்பால் ஏற்றுவது கஷ்டம்.

மிஞ்சிய கண்ணிகளை வெட்டிவிடுங்கள் அல்லது கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். தொங்கவிட்டால் மட்கார்டை அடித்தே உடைக்கும். கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டுத் திரும்ப இறுக்கவேண்டும், முதல் ஓட்டத்தில் கட்டாயம் தளரும்.

கிரவல்பாதை:
நன்றி அண்ணை. பாரம் ஏற்றவேணுமோ? டயருக்குள் தண்ணீர் விடலாம் என்று சொல்கிறார்கள்.

சில்லுக்காரன்:
வெறும் தண்ணீர் வேண்டாம், உறைந்துவிடும். மைனஸ் 40க்கான கண்ணாடி கழுவும் திரவம் விடலாம். வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை நிரப்பினால் முக்கால் டயர் நிறையும், மேலே காற்று இருக்கட்டும். கல்சியம் குளோரைட் நல்ல பாரம்தான், ஆனால் டியூப் இல்லாமல் விட்டால் ரிம்மைத் தின்றுவிடும்.

கியர்ப்பெட்டி எது என்றும் பாருங்கோ. டஃப் டோர்க் கே46 மாதிரி இலகு வேலைக்கான ஹைட்ரோ (எண்ணெய் அழுத்தத்தால் சில்லைச் சுற்றும் பெட்டி) என்றால் பாரத்தை அளவோடு வையுங்கோ. சில்லு வழுக்காமல் பிடித்துக்கொண்டால் முழுச் சுமையும் அந்தப் பெட்டிக்குத்தான் போகும், எண்ணெய் சூடேறி இழுவை குறையும். பாதை துப்புரவாக்கும் வண்டி வாசலில் குவித்துவிட்டுப் போகிற ஈரப் பனியை ஒரேயடியாகத் தள்ளாமல், பிளேட்டின் பாதி அகலமாக எடுத்து எடுத்துத் தள்ளுங்கோ.

பனிவழித்துணை:
தாருக்குக் கீறல் வரத்தான் செய்யும். நேராக ஓடுவதை விட, நின்ற இடத்தில் சில்லு சுழன்றாலும் இறுக்கித் திருப்பினாலும்தான் அதிகம் கிழிக்கும். பனிக்கட்டிக்காக விற்கும், கண்ணிகளில் வி வடிவக் கம்பி ஒட்டவைத்த வி-பார் சங்கிலி தாருக்குச் சரிவராது. கராஜ் முன்னால் பதிகல் இருந்தால் ரப்பர் சங்கிலியை யோசியுங்கள், கட்டிப்பனியில் அதன் பிடி குறைவு.

கிரவலுக்கு பிளேட்டின் காலணிகளை (அதைத் தாங்கி நிலத்தில் சறுக்கும் தட்டுகளை) இறக்கி, விளிம்பு நிலத்தை விட்டு ஓர் அங்குலம் உயர நிற்கும்படி வையுங்கள். முதல் பனியைத் தள்ளாமல் மிதித்து இறுகவிட்டால் அடுத்த முறை கல்லு கிளம்பாது.