ரீசனபிள் அக்காமடேஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

மாற்றுத்திறனாளி ஒருவரின் தேவைக்கேற்பப் பணியிடத்தில் செய்து தரும் மாற்றத்தை ஆங்கிலத்தில் ‘ரீசனபிள் அக்காமடேஷன்’ (reasonable accommodation) என்கிறார்கள். நிறுவனப் பணியாளர் கையேடுகளில் அடிக்கடி இடறும் சொல் இது. இயந்திர மொழிபெயர்ப்பு ‘நியாயமான தங்குமிடம்’ என்று போட்டால், படிப்பவர் விடுதி வசதி என்றே நினைப்பார். ‘சலுகை’யும் ஆகாது. 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2ஆம் உறுப்பு, இதை மறுப்பதையே பாகுபாடு என்கிறது. சலுகையை மறுத்தால் யார் கேட்பது? ‘தகவமைப்பு’ சரிவருமா?

> ‘தகவமைப்பு’ சரிவருமா?

வராது. பாலைவனத்துக்குத் தகவமைவது ஒட்டகம். இங்கே மாற வேண்டியது பணியிடம், ஆளல்ல.

அணுகல்தன்மையோடும் கலந்துவிடக் கூடாது. வாசலில் 15 செ.மீ. படி; 1:12 சரிவில் 180 செ.மீ. நீளச் சாய்தளம் கட்டுகிறோம். யார் வருவார் என்று தெரியாமலே முன்கூட்டிச் செய்வதால் அது அணுகல்தன்மை. பார்வையற்ற கணக்காளர் ஒருவர் சேர்ந்தபின், அவர் கணினியில் திரைபடிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) நிறுவுகிறோம். ஸ்கேன் செய்த பில்கள் அதற்கு வெறும் படம்தான், எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் மென்பொருள்) ஓட்டி, தொகைகளைச் சரிபார்த்து உரையாகத் தர வேண்டும் (3ஐ 8 என்று படித்துவைக்கும்!). ஒருவருக்காக, அவரையே கேட்டுச் செய்வது இது. ‘ஏற்ப’ உள்ளே இருக்கட்டும்: ஏற்பமைவு.

> ஏற்பமைவு

புணர்ச்சி இடிக்கிறதே. ஏற்ப + அமைவு = ஏற்பவமைவு. நீங்கள் எழுதியது ஏற்பு + அமைவு. ஏற்றுக்கொள்வது என்ற பொருள் வந்துவிடும்.

> ஏற்றுக்கொள்வது என்ற பொருள்

வரட்டுமே, கெடுதல் இல்லை. ‘ஏற்பவமைவு’ நாக்கில் புரளவில்லை. ‘ஏற்பமைவுக் கோரிக்கை’, ‘ஏற்பமைவு மறுப்பு’, ‘ஏற்பமைத்துத் தருக’ எல்லாம் இயல்பாக வருகின்றன.

‘ரீசனபிள்’ என்பதற்கு ‘நியாயமான’ வேண்டாம். கேட்பது நியாயமா என்று மேலாளர் தராசு பிடிக்கத் தொடங்குவார். உடன்படிக்கையின் அளவுகோல், செய்பவர்மேல் அளவுமீறிய சுமை விழக்கூடாது என்பதுதான். ‘தக்க ஏற்பமைவு’ போதும். ‘தக்க ஏற்பாடு’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், அது பந்தல் போடுவதற்கும் பொருந்தும்.

> தக்க ஏற்பமைவு

சம்மதம். புதுச்சொல் என்பதால் படிவத்தில் விளக்கத்தோடு வரட்டும்: ‘தங்களுக்குத் தேவையான ஏற்பமைவு (பணியிடத்தில், கருவியில், நேரத்தில் செய்ய வேண்டிய மாற்றம்)’. இந்த வரியை உள்ளீட்டுக் கட்டத்தின் லேபிளாகவே நிரலில் இணையுங்கள். மேலே சும்மா எழுதிவைத்தால் திரைபடிப்பான் ‘திருத்து’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எதை நிரப்புவது என்று பார்வையற்றவருக்குத் தெரியாது.