இத்தாலியச் சொற்பிறப்பு விரிதாளில் இரண்டு ‘லொம்பார்டு’ கலந்துவிட்டது, பிரிப்பது எப்படி?

சொல்தேடி:
‘மொழி’ என்ற நிரலில் எல்லாவற்றுக்கும் ‘லொம்பார்டு’ என்று போட்டு, எல்எம்ஓ (lmo) என்ற பன்னாட்டு மொழிக் குறியீடும் கொடுத்திருக்கிறேன். இப்போது இத்தாலியில் ஆண்ட ஜெர்மானிய மன்னர் ரோத்தாரியின், 643-இல் எழுதப்பட்ட சட்டத்தில் வரும் சொல்லும் இன்றைய மிலான் பேச்சுச் சொல்லும் ஒரே மொழியாக நிற்கின்றன. மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாமா?

வேர்க்கிழங்கு:
வேண்டாம், சரியாக இருப்பவையும் கெடும். எல்எம்ஓ என்பது லொம்பார்தியிலும் சுவிட்சர்லாந்தின் திச்சினோவிலும் இன்றும் பேசப்படும் லத்தீன் வழி மொழி. 568-இல் இத்தாலிக்குள் வந்த ஜெர்மானியர் பேசி, பின்பு வழக்கொழிந்த மொழிக்குக் குறியீடு எல்என்ஜி (lng). இதைத் தமிழில் ‘லாங்கோபார்டு’ என்றே எழுதுங்கள், குழப்பம் பாதி தீரும். இத்தாலிய அகராதிகளில் ‘லோம்ப்.’ என்றால் முதலாவது, ‘லொங்கோப்.’ என்றால் இரண்டாவது.

அடிப்படைப் பிழை ஒற்றை நிரல்தான். ‘வழங்கும் மொழி’, ‘மூல மொழி’ என இரண்டாக்குங்கள். மிலானில் வேலையின்போது உடைமேல் முன்பக்கம் கட்டும் துணியை (ஏப்ரன்) குறிக்கும் ‘ஸ்கொஸால்’ வழங்கும் மொழியில் எல்எம்ஓ. மடியைக் குறிக்கும் ‘ஸ்காவ்ட்ஸ்’ என்ற அதன் மூலம் எல்என்ஜி. ஒரே வரிசையில் இரண்டு குறியீடும் வருவது பிழையல்ல.

லாங்கோபார்டில் தொடர்ச்சியான நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. ரோத்தாரியின் சட்டமே லத்தீனில்தான். நடுவே ‘மோர்கன்காப்’ (மணமான மறுநாள் காலை கணவன் மனைவிக்குத் தரும் பரிசு) போன்ற சொற்கள் மட்டும் கிடக்கின்றன. மற்றவை பெரும்பாலும் மீட்டமைத்த வடிவங்கள். அவற்றுக்கு முன்னால் உடுக்குறி (*) இட மறக்காதீர்கள். மாறாக 13-ஆம் நூற்றாண்டு மிலான் கவிஞர் பொன்வேசின் தெ லா ரீவா எழுதியது போன்ற முழு நூலிலிருந்து எடுத்த சொல் என்றால் வழங்கும் மொழி எல்எம்ஓதான்.

சொல்தேடி:
‘பாங்கா’ இரண்டு முறை வருகிறது. ஒன்று வங்கி, ஒன்று பெஞ்சு. நகலா?

ஒலிமாற்றி:
நகல் இல்லை, நீக்காதீர்கள்! தமிழ் எழுத்து இங்கே ஏமாற்றுகிறது. வங்கியின் முதல் ஒலி ‘கம்பம்’ என்பதில் வரும் ப. பெஞ்சினுடையது ‘பட்டம்’ என்பதன் ப. லாங்கோபார்டில் முன்னது பின்னதாக இறுகியது. அதனால் பெஞ்சுக்கு எல்என்ஜி. வங்கிக்கு வெறுமனே ‘ஜெர்மானியம்’ என்று போடுங்கள். கோரைப்பல்லைக் குறிக்கும் ‘ட்ஸான்னா’விலும் இதே கதை: பழைய ‘ட்’ ‘ட்ஸ்’ ஆகியிருக்கிறது. சொல்லின் லத்தீன் எழுத்து வடிவத்துக்குத் தனி நிரல் இல்லாமல் இந்த வேறுபாடு எதையும் தாளில் காட்ட முடியாது. முதலில் அதைச் சேர்த்துவிட்டுக் குறியீடுகளைத் திருத்துங்கள்.

வேர்க்கிழங்கு:
‘பர்கண்டி’ என்று குறித்தவற்றையும் ஒருமுறை பாருங்கள். அங்கும் ஜெர்மானியம் ஒன்று, பிரெஞ்சுக்கு நெருங்கிய வட்டார மொழி ஒன்று என இரண்டு உண்டு.